மேற்குக் கம்பத்து ஹாஜி

மாம் பாயிஸ் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது மொத்தம் பதினான்கு மாதம். அதற்குள் பட்டாளம் வந்து கிராமத்தையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே நாளில் தரைமட்டமாக்கிவிட்டது. அப்படியிருந்தும், எங்கள் குர்து நகரத்து விமான நிலையத்தில் எந்த மாதம் எந்தப் பறவை எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரிய வேண்டுமானால், வெளிநாட்டில் பட்டம் வாங்கிய எஞ்சினியர்கள்கூட அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மாம் என்றால் சித்தப்பா. அங்கே வேலை பார்க்கும் எழுநூறு பேருக்கும் அவர் சித்தப்பா.

ஓடுதளத்திலிருந்து பறவைகளை விரட்டுவது அவர் வேலை. கேட்கச் சின்ன வேலைதான். கையளவு வானம்பாடி எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கே அதன் கனம் தெரியும். பதினோரு வயதில் தாய் தகப்பன் இல்லாமல் போய், மலையில் அடுத்தவன் ஆட்டை மேய்த்து, கூண்டுக் கௌதாரியைக் கூவவிட்டுக் காட்டுக் கௌதாரியைப் பிடித்துக் கடைத்தெருவில் விற்று வளர்ந்தவர். விமான நிலையம் கட்டும்போது ஜல்லி சுமக்க வந்தார். "ஓடுதளத்துக்கு முதல் கூடை ஜல்லி கொட்டினது இந்தக் கைதான்" என்பார். அதையே சொல்லிக்கொண்டு ஊரில் இன்னும் ஆறு பேர் திரிகிறார்கள், அது வேறு விஷயம்.

பிறகு காவலாளி ஆனார். அந்த வருஷம் பறவைத் தொல்லை தாங்காமல் ஒரு வெளிநாட்டு நிபுணரை வரவழைத்தார்கள். அவர் தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு புல்வெளி ஓரமாக நடக்கும்போது, காவலாளி பாயிஸ் குறுக்கே போய் நின்றார்.

"புல்லை ஏன் இப்படி மொட்டை அடிக்கறீங்க? ஒரு சாண் விடுங்க. நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத இடத்துல வானம்பாடி இறங்காது."

மொழிபெயர்த்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நிபுணர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். அடுத்த மாதமே பாயிஸ் கைக்கு ஒரு மஞ்சள் பிக்கப் வண்டியும் துப்பாக்கியும் வயர்லெஸ்ஸும் வந்தன. கூடவே ஒரு பதிவேடு. எழுத வராததால் அதில் பறவைகளை வரைந்துவைப்பார். காக்கைக்கு ஒரு மாதிரிக் கோடு, புறாவுக்கு ஒரு மாதிரி. பதினைந்து வருஷம். ஒரு விமானத்தின் மேல் ஒரு இறகு பட்டதில்லை. இதை அவர் தேநீர்க் கடையில் சொல்லாத நாளும் இல்லை.

சொல்லாத ஒன்று இருந்தது. ஒவ்வொரு விமானம் தாழும்போதும் அவருக்கு அடிவயிறு கலங்கும். சக்கரம் தரையைத் தொட்டுப் புகை எழும்வரை மூச்சு வராது. பதினைந்து வருஷமாக, நாளுக்கு எட்டுப் பத்து முறை. அந்தப் பயத்தின் மேல் பெருமைப் பேச்சை அள்ளிப் போட்டு மூடிவைத்திருந்தார்.

அந்த வருஷம் மார்ச்சில் மேற்கு முனைப் பழைய பம்ப் வீட்டுக்குப் பக்கத்தில், யாரும் பயன்படுத்தாத விளக்குக் கம்பத்தின் உச்சியில் ஒரு ஜோடி வெள்ளை நாரை கூடு கட்டத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் நாரை என்று யாரும் சொல்வதில்லை, ஹாஜி என்போம். குளிருக்கு மக்கா போய்விட்டுப் பனி உருகும்போது திரும்பி வருபவர். வேட்டைக்காரன்கூட அவரைக் கண்டால் துப்பாக்கியைத் தாழ்த்தி சலாம் சொல்வான்.

பாதுகாப்புப் பிரிவின் தலைவர் எஞ்சினியர் பெஸ்தூன் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாம், மேற்குக் கம்பத்துல கூடு கட்டுதாம். முட்டை வெக்கறதுக்குள்ள கலைச்சிடுங்க. அது பெரிய பறவை. ஒண்ணு போதும், விமானத்தையே கவுத்திடும்."

"நீங்க டீய குடிச்சு முடிங்க எஞ்சினியர். நான் வேலைய முடிச்சிட்டு வந்து நிக்கறேன்."

ஏணியைச் சாய்த்து ஏறினார். கீழே ஏணியைப் பிடித்திருந்தவன் சாபிர், பிக்கப் வண்டியின் ஓட்டுநர். நாற்பது வயது வழுக்கையன், வாய் சும்மா இருக்காது. உச்சியில் ஆண் நாரை நகரவில்லை. தலையை முதுகோடு மடித்து அலகைப் படபடவென்று தட்டியது. பாயிஸ் ஒரு குச்சியை உருவிப் போட்டார். இரண்டாவது. மூன்றாவது. நாரை குனிந்து வேறொரு குச்சியை எடுத்து, அவர் உருவிய இடத்தில் வைத்தது. அவ்வளவுதான், கை ஓடவில்லை. தகர்த்துவிட்டுப் போன வீட்டுக்குத் திரும்பி வந்து மறுபடி கல் அடுக்கியவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாதா என்ன. இறங்கிவிட்டார்.

"முடிஞ்சுதா மாம்?"

"முடிஞ்சுது."

சாபிர் அண்ணாந்து பார்த்தான். கூடு அங்கேயே இருந்தது.

"எனக்கும் முடிஞ்ச மாதிரிதான் தெரியுது" என்றான்.

பெஸ்தூனிடமும் அதே சொல்தான். முடிஞ்சுது. மாம் பாயிஸ் சொன்னால் போய்ப் பார்க்கும் வழக்கம் அங்கே கிடையாது. கம்பம் நெட்டிலிங்க வரிசைக்குப் பின்னால் இருந்ததால் கோபுரத்திலிருந்தும் தெரியாது. ஆனால் தரையில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். தீயணைப்பு வண்டிக்காரர்கள் அந்தப் பக்கம் போகும்போது சலாம் வைத்தார்கள். புல் வெட்டுகிறவர்கள் மீன் தலை கொண்டுபோய்ப் போட்டார்கள். காற்றில் கூடு சாய்ந்துவிடுமோ என்று சாபிர் ஒரு நாள் ஏறி, பழைய டயர் வளையம் ஒன்றைக் கம்பத்தோடு சேர்த்து முடுக்கிவிட்டு வந்தான். ஒருவன்கூட மேலே சொல்லவில்லை. ஹாஜியைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பதிவேட்டில் மட்டும் நாரைக்குக் கோடே இல்லை.

ஏப்ரலில் முட்டை, மே மாதத்தில் குஞ்சு. நான்கு. பாயிஸுக்குத் தூக்கம் குறைந்தது. வளர்ந்த நாரையைப் பற்றிக் கவலை இல்லை, அது விமானச் சத்தம் கேட்டு ஒதுங்கிவிடும். பறக்கக் கற்கும் குஞ்சு அப்படி இல்லை. அதற்குக் காற்று போகும் பக்கம்தான் பக்கம்.

ஜூன் பிறந்தபோது மகள் தாவ்காவிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, காகிதம் எல்லாம் கிடைச்சிடுச்சு. பதினெட்டாம் தேதி வர்றோம். நானும் பாப்பாவும். இஸ்தான்புல் வழியா, காலைல பத்தே முக்காலுக்கு."

ஆறு வருஷத்துக்கு முன்னால் தாவ்கா அகதியாக ரப்பர் படகில் கடல் தாண்டிப் போனவள். பதினொரு நாள் தகவல் இல்லை. அந்தப் பதினொரு நாளும் பாயிஸ் வேலைக்கு வந்தார், பெருமை பேசினார், வண்டிக்குள் தனியாக இருக்கும்போது ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். இப்போது அவள் நேரான வழியில், சீட்டு வாங்கி, அவர் காவல் காக்கும் ஓடுதளத்துக்கே வருகிறாள். சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் குஞ்சுகள் பறக்க இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினார்.

அன்றைக்கே பெஸ்தூனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். கதவுவரை போனார். உள்ளே பெஸ்தூன் இரண்டு விருந்தாளிகளிடம், "எங்ககிட்ட ஒரு ஆள் இருக்கார், பதினஞ்சு வருஷத்துல ஒரு இறகுகூட விட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாயிஸ் உள்ளே போய், கைகுலுக்கி, ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்.

பதினெட்டாம் தேதி காலை மனைவி பீரோஸ் அண்டாவில் திராட்சை இலையில் சோறு சுருட்டிய யாப்ராக் சமைத்து, பட்டுத்துணி உடுத்து, சொந்தக்காரர்கள் பதினேழு பேரோடு வரவேற்புக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பாயிஸ் ஏழு மணியிலிருந்து மேற்கு முனையில் நின்றார். குஞ்சுகள் கூட்டு விளிம்பில் நின்று இறக்கையை விரித்து விரித்து மடக்கின. பத்து நாளாக இப்படித்தான். இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று அவர் கணக்கு.

பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறியது. தார்த்தளத்துக்கு மேல் காற்று நெளிந்தது. பத்து இருபதுக்குத் தாய் நாரை கம்பத்தை விட்டு எழுந்தது. பின்னால் முதல் குஞ்சு விழுவதுபோல் விழுந்து, சமாளித்து, பறந்தது. அடுத்தது. அடுத்தது.

"மாம்" என்றான் சாபிர். அவன் குரலில் கேலி இல்லை. "நாலும் கிளம்பிடுச்சு."

ஆணையும் சேர்த்து ஆறு நாரைகளும் சூட்டுக் காற்றில் ஏறி, இறக்கையே அடிக்காமல் வட்டம் போட்டன. ஒவ்வொரு வட்டத்துக்கும் கொஞ்சம் கிழக்கே நகர்ந்தன. நெட்டிலிங்கத்தைத் தாண்டின. வேலியைத் தாண்டின. ஓடுதளத்தின் வாய்க்கு நேர் மேலே, விமானம் தாழ்ந்து வரும் அந்த வழியில், சாவகாசமாகச் சுற்றின.

பாயிஸ் ஓசைத் தோட்டாவை வெடித்தார். பெரிய நாரைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குஞ்சுகள் கலைந்து, ஒன்று மேலே, ஒன்று கீழே, இன்னும் அகலமாக வானத்தை அடைத்துக்கொண்டன. இன்னொன்று வெடிக்கக் கை வரவில்லை.

"நெஜத் தோட்டா இருக்குல்ல?" என்றான் சாபிர்.

"இருக்கு."

"நான் திரும்பிக்கறேன். எனக்குத் தெரியாது. அல்லாகிட்ட நீங்க பேசிக்கோங்க."

பாயிஸ் தோட்டாவை மாற்றினார். துப்பாக்கியைத் தூக்கினார். குறி வைக்கத் தெரியாதவரா அவர்? மலையில் ஒரு தோட்டாவுக்கு ஒரு கௌதாரி என்று வாழ்ந்தவர். அடித்துவிடலாம்தான். ஆனால் வேட்டைக்காரனுக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியும்: கூட்டத்தில் ஒன்றை வீழ்த்தினால் மற்றவை ஓடாது. விழுந்ததைத் தேடிக் கீழே வந்து அங்கேயே சுற்றும். ஒரு ஹாஜியைக் கொன்ற பாவமும் சேரும், மீதி ஐந்தும் விமானத்துக்கு முன்னால் நிற்கும்.

மேற்கே, மலைகளுக்கு நடுவில், ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்கியது. அதற்குள் தாவ்கா இருந்தாள்.

வயர்லெஸ் இடுப்பில் இருந்தது. அமுக்கிப் பேசினால் கோபுரம் கேட்கும். பேசுவதெல்லாம் பதிவாகும், எல்லா அறையிலும் ஒலிக்கும். மணி பத்து முப்பத்தெட்டு. அமுக்கினார்.

"கோபுரம். நான் பாயிஸ்."

"சொல்லுங்க மாம்." சோமா, அவர் தெருப் பெண். குழந்தையில் அவர் தோளில் ஏறித் திரிந்தவள். "மகள் வர்றாளாமே? கண்ணுல தெரிஞ்சுதா விமானம்?"

"இறக்காத."

"என்ன மாம்?"

"மேற்கு முனைல பெரிய பறவை. ஆறு. வழியிலயே நிக்குது. இறக்காத, மேல அனுப்பு."

"என்ன பறவை?"

"ஹாஜி."

"எங்க இருந்து வந்துச்சு?"

"எங்கிருந்தும் வரல. இங்கதான் கூடு இருக்கு. நான் கலைக்கல. கலைச்சேன்னு பொய் சொன்னேன். அதெல்லாம் அப்புறம் திட்டலாம் மகளே, இப்ப மேல அனுப்பு."

சோமா விமானியிடம் பேசுகிறாளா, கேட்காமலே விட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. புள்ளி வளர்ந்தது. இறக்கை முளைத்தது. சக்கரங்கள் தொங்கின. அது இன்னும் தாழ்ந்தது. பாயிஸ் ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசினார், கௌதாரியை விரட்டுகிறவன் மாதிரி. தான் கத்துவது அவருக்கே கேட்கவில்லை. திடீரென்று மூக்கு நிமிர்ந்தது. எஞ்சின் அலறிய அலறலில் பல்லெல்லாம் ஆடின. விமானம் நாரைகளுக்கு மேலாக, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஏறி, கிழக்கே மலைக்கு மேல் போய் மறைந்தது.

பாயிஸ் புல்லில் உட்கார்ந்துவிட்டார். செல்போன் அடித்தது. பீரோஸ்.

"தாவ்காவோட அப்பா, விமானம் தரைகிட்ட வந்துட்டு திரும்பிப் போயிடுச்சு. இங்க எல்லாரும் அழறாங்க. எங்க போகுது அது? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. நான்தான் போகச் சொன்னேன்."

"நீங்களா? நம்ம புள்ளைய நீங்களே ஏன் துரத்தறீங்க?"

போனை வைத்தார். வயர்லெஸ்ஸில் சோமா, இப்போது பாதிக் குரலில் பேசினாள். "மாம், இருபத்தஞ்சு நிமிஷம் சுத்துவாங்களாம். அதுக்குள்ள வழி விடலேன்னா வேற ஊருக்குப் போயிடுவாங்க. எஞ்சினியரும் வயர்லெஸ்ல எல்லாத்தையும் கேட்டுட்டார். கிளம்பி அங்க வர்றார்."

வரட்டும். பாயிஸ் எழுந்தார். நாரைகளை விரட்ட முடியாது, கூப்பிடத்தான் முடியும். புல் வெட்டினால் வெட்டுக்கிளி தெறிக்கும். அது தெறிக்கிற இடத்துக்கு ஹாஜி எத்தனை உயரத்திலிருந்தும் இறங்கி வருவார்.

"சாபிர், பம்ப் வீட்டுல நிக்கற புல்வெட்டி டிராக்டர எடு. வேலிக்குத் தெற்க இருக்கே குதிரைமசால் தீவன வயல், அதுல ஓட்டு. வேகமா."

"அது என் மச்சான் வயல் மாம். இன்னும் பத்து நாள் கழிச்சு அறுக்கணும்னு வெச்சிருக்கான். என்னக் கொன்னு புதைச்சிடுவான்."

"நானும் கூட வந்து படுத்துக்கறேன். ஓட்டு."

டிராக்டர் தெற்கு வயலில் இறங்கியது. பின்னாலேயே பாயிஸ் நடந்தார். வெட்டின குதிரைமசாலின் பச்சை வாசம் எழுந்தது, வெட்டுக்கிளிகள் முழங்காலில் மோதின. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்ததில் இரண்டு முறை விழுந்தார். ஒரு வரிசை. இரண்டு வரிசை. ஆறும் அங்கேயே சுற்றின. பதினோரு நிமிஷம் போயிற்று. மூன்றாவது வரிசையில் தாய் நாரை இறக்கையைச் சாய்த்தது. சரிந்து வந்து, நூறு அடி தூரத்தில் காலை நீட்டி இறங்கி, கொத்த ஆரம்பித்தது. பின்னால் ஆண். குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடுமாறி வந்தன. நான்காவது மட்டும் வரவில்லை. மேலே தனியாக, ஓடுதளத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வா" என்றார் பாயிஸ். "வாடா கண்ணு. உன் காலுக்கு நான் பலியாகறேன், வா."

அது இன்னும் ஒரு வட்டம் போட்டது. பிறகு தாயைப் பார்த்துவிட்டது போலும்.

"கோபுரம். ஆறும் தரைல. இப்ப இறக்கு. இப்பவே இறக்கு."

விமானம் சக்கரம் தொட்டுப் புகை எழும்பியபோது அவருக்கு வழக்கமாக வரும் மூச்சு வரவில்லை. சாபிர் இறங்கி வந்து முதுகில் தட்டிய பிறகுதான் வந்தது.

பெஸ்தூன் வயல் ஓரத்தில் நின்றிருந்தார். பளபளப்பான ஷூவில் சேறு. நாரைகளைப் பார்த்தார், பாயிஸைப் பார்த்தார். பிக்கப் வண்டியின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"பதிவேட்டுல போடுங்க" என்றார்.

பாயிஸ் வண்டியின் முகப்பில் பதிவேட்டை வைத்து வரைந்தார். நாரையின் கால்கள் நீண்டுகொண்டே போயின. பெஸ்தூன் குனிந்து பார்த்தார்.

"இது என்ன மாம், ஒட்டகமா?"

"ஹாஜி."

"ஆறு போடுங்க. மார்ச் மாசத்துல இருந்து போடுங்க."

வரவேற்புக் கூடத்தில் தாவ்கா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கடல்லகூட இப்படிப் பயப்படல அப்பா. சக்கரம் தொடப்போகுதுன்னு இருக்கும்போது தூக்கிட்டுப் போயிட்டான். பக்கத்து சீட்டுக்காரர் திட்டித் தீர்த்தார். எவனோ தூங்கு மூஞ்சி பறவைய விட்டுட்டானாம்."

பதினேழு சொந்தக்காரர்களும் பாயிஸின் முகத்தைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் அவர் வழக்கமாக ஒரு பெருமை பேசுவார்.

"அந்தத் தூங்கு மூஞ்சி நான்தான்" என்றார். பேத்தியைத் தூக்கிக்கொண்டார். அவள் இவர் யார் என்று தெரியாமல் அம்மா பக்கம் கையை நீட்டினாள்.

ஆகஸ்ட் வரை அவரை டிராக்டரில் போட்டார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் முன்னால் தெற்கே புல் வெட்டி ஹாஜி குடும்பத்தைத் தரையில் வைத்திருப்பது வேலை. ஒரு வாரத்தில் அந்த டிராக்டரைப் பற்றியும் தேநீர்க் கடையில் பெருமை ஆரம்பமாகிவிட்டது. ஆகஸ்டில் நாரைகள் தெற்கே போன மறுநாள் அவரே ஏறிக் கூட்டைப் பிரித்தார். குச்சிகளுக்கு நடுவே பயணிகளின் பெட்டிகளில் ஒட்டும் வெள்ளைப் பட்டிகள் செருகியிருந்தன. டயர் வளையத்தோடு கூட்டை லாரியில் ஏற்றி, ஏழு கிலோமீட்டர் தள்ளி ஆற்றங்கரையில் ஒரு கம்பம் நட்டு, அதன் மேல் அப்படியே வைத்தார்கள். பெஸ்தூன் வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

பிப்ரவரி கடைசியில், மலையில் பனி வெளுப்பாக இருந்த ஒரு காலையில், பாயிஸ் மேற்கு முனையில் வண்டியை நிறுத்தினார். நெட்டிலிங்கத்துக்குப் பின்னாலிருந்து படபடவென்று அலகு தட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். பழைய கம்பத்தின் மொட்டை உச்சியில் ஆண் நாரை நின்றிருந்தது. காலடியில் ஒரு குச்சி.

சாபிர் அவரைப் பார்த்தான். "முடிஞ்சுதா மாம்?" என்றான் மெதுவாக.

அடுத்த விமானத்துக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. ஏணியைத் தேடும் முன், நாரைக்கு சலாம் சொல்லும் முன், அவர் கை இடுப்பு வயர்லெஸ்ஸுக்குப் போனது.

"கோபுரம். நான் பாயிஸ். ஹாஜி வந்துட்டார்."